துண்டு இருக்கோ தம்பி?

பூநகரியில் எங்கள் பிள்ளையார் கோயில் அன்னதான மடத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறை உண்டு. சன்னல் இல்லை. அரிசி மூடை, பருப்பு, எண்ணெய் ரின், வெங்காயக் கூடை, கிடாரம், அண்டா எல்லாம் அதற்குள்தான். திறப்பு பெரியம்மாவின் முந்தானை முடிச்சில் இருக்கும். திருவிழா நாளில் அடுப்படியில் நாற்பது பேர் நின்று அந்தரப்பட்டாலும் அந்தக் கதவு சும்மா திறபடாது. உலை கொதிக்குது, சமையல்காரர் அரிசி கேட்கிறார் என்று பொடியன் ஒருவன் ஓடி வருவான். பெரியம்மா எழும்ப மாட்டார். திருவலையில் இருந்தபடியே கேட்பார்:

"துண்டு இருக்கோ தம்பி?"

துண்டு என்றால் கொப்பி ஒற்றையில் கால்வாசி. 'மொட்டைக்கறுப்பன் அரிசி 20 கொத்து, நல்லெண்ணெய் 2 போத்தல், மத்தியானப் பூசை அன்னதானம்' என்று எழுதி, கீழே திகதியும் கோயில் பொருளாளரின் கையெழுத்தும் இருக்கும். அதைக் கண்டால்தான் முடிச்சு அவிழும். இருபது கொத்து என்றால் இருபதுதான். இருபத்தொராவது கொத்துக்குப் பொடியன் எத்தனை தரம் கெஞ்சினாலும் அவர் சுண்டைக் கவிழ்த்து வைத்துவிடுவார்.

ஊரில் கொஞ்சம் எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் என்று என்னிடம் கடதாசிகளைக் கொண்டு வருகிறவர்கள் பலர். அழைப்பாணை, பிடியாணை, பிரதேச செயலகக் கடிதம், சிங்களத்தில் வந்த விசாரணைக் கடிதம். எல்லோர் கையிலும் ஒரே நடுக்கம். அந்த நடுக்கத்தைப் போக்க நான் சொல்லித் தருவது பெரியம்மாவின் களஞ்சிய அறையைத்தான்.

முதலில் ஒரு பிழையான எண்ணத்தைத் திருத்த வேண்டும். பிடியாணை என்றால் பொலிஸ் எங்களுக்குக் காட்டிப் பயமுறுத்தும் கடதாசி என்றே சனம் நினைக்கிறது. துண்டை ஒருக்கால் திரும்ப வாசித்துப் பாருங்கள். அது யாருக்கு எழுதப்பட்டது? எதை எடுக்கலாம், எவ்வளவு எடுக்கலாம், எதற்காக எடுக்கலாம் என்று கொண்டு வருகிற பொடியனுக்கும்தான் அது எல்லை போடுகிறது. பிடியாணையும் அப்படியே. நீதவான் பொலிசுக்குக் கொடுக்கும் கட்டளை அது: இன்ன பெயருடைய ஆளை, இன்ன குற்றச்சாட்டுக்காக, என் முன்னால் கொண்டு வா. கொண்டு போய் அடி என்றோ, ஒரு கிழமை வைத்திரு என்றோ அதில் ஒரு சொல்லும் இல்லை. அந்தக் கடதாசி பொலிஸ்காரரின் கையைத் திறந்துவிடுகிறது, அதே வரியில் கட்டியும் விடுகிறது.

இலங்கையில் இதை ஒழுங்குபடுத்துவது 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை. பிடியாணை எழுத்தில் இருக்க வேண்டும், நீதவானின் கையெழுத்து வேண்டும். கொண்டு வருகிறவர் அதன் சாரத்தைப் பிடிபடுகிறவருக்குச் சொல்ல வேண்டும். பிடிபடுகிறவர் கேட்டால் பிடியாணையை அல்லது கையெழுத்திட்ட பிரதியைக் காட்டவும் வேண்டும். கேட்டால் என்ற சொல்லைக் கவனியுங்கள். எங்கள் சனம் கேட்பதில்லை. கேட்டால் ஐயா கோவிப்பார் என்று பயம். பெரியம்மா கேட்கிற அதே குரலில், மரியாதையாக, "ஐயா, பிடியாணையை ஒருக்கால் காட்டுங்கோ" என்று கேட்பது எதிர்ப்பு ஆகாது. சட்டம் எங்கள் வாயில் வைத்துத் தந்த வசனம் அது.

இனித் துண்டு எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம், முக்கியமான இடம் இதுதான். சமையல்காரர் பொருளாளரிடம் போய் இருபது கொத்து வேண்டும் என்கிறார். பொருளாளர் உடனே கையெழுத்து வைப்பதில்லை. எத்தனை பேர் வருகினம்? போன வெள்ளி எவ்வளவு மிஞ்சினது? உபயகாரர் தந்த அரிசி எங்கே? இரண்டு கேள்வி, மூன்று கேள்வி. பதில் பொருந்தினால் எழுதுவார். சமையல்காரரின் அவசரம் பொருளாளரின் அவசரமில்லை. சமைக்கிறவர் ஒருவர், எழுதுகிறவர் வேறொருவர், திறக்கிறவர் மூன்றாமவர் என்று வைத்ததன் பயன் அந்த இரண்டு கேள்விக்கு இடம் கிடைப்பது. பொலிசும் அப்படித்தான். தான் வைத்திருக்கும் சந்தேகத்தை, அந்தச் சந்தேகத்தில் பங்கில்லாத ஒருவர் முன்னால் வைத்துக் காரணம் சொல்ல வேண்டும். முத்திரை குத்துவது ஒரு நொடி வேலை. அதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்கப்பட்டது என்பதில்தான் அந்த முத்திரையின் பாரம் இருக்கிறது.

கேள்வி கேட்காமல் பிறந்த ஆணை என்ன செய்யும் என்று தமிழருக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. வன்னியில் இருப்பவர்களுக்குச் சொல்லவே தேவையில்லை. வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு எங்கள் ஊரிலிருந்தும் பஸ் பிடித்துப் போவார்கள். உப்புநீரில் விளக்கெரியும் அந்தக் கோயிலில் பொங்கப்படுவது, ஒரு பிழையான ஆணையின் நினைவுக்காகவும்தான். பாண்டியனின் ஆணையில் வெளிப்பார்வைக்கு ஒரு குறையும் இல்லை, அரசன் வாயால் வந்தது, காவலர் முறைப்படி நிறைவேற்றினார்கள். பொற்கொல்லன் சொன்னது உண்மையா, அந்தச் சிலம்புக்குள் இருக்கும் பரல் எது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. உடைத்துப் பார்க்க ஒரு நிமிசம் போதும். அந்த நிமிசத்தைக் கண்ணகி வந்துதான் அரசவைக்குக் கொடுத்தாள், கோவலன் செத்த பிறகு. மாணிக்கம் தெறித்தது. அதிகாரம் எவ்வளவு பெரிய இடத்தில் இருந்து வந்தாலும் கேள்வியில்லாத ஆணை கொலையாகலாம் என்பதைச் சொல்ல இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது.

இங்கிலாந்து இதைக் கற்றுக்கொண்டது மிகப் பிந்தி. 1762 நவம்பரில் ஜோன் என்ரிக் என்ற எழுத்தாளரின் வீட்டுக்குள் அரசனின் தூதர்கள் புகுந்து, நாலு மணித்தியாலம் அலுமாரிகளை உடைத்துக் கடதாசிகளை அள்ளிப் போனார்கள். ஒரு அமைச்சர் எழுதிக் கொடுத்த துண்டு கையில் இருந்தது. என்ரிக் வழக்குப் போட்டார். அமைச்சருக்கு அப்படி ஒரு துண்டு எழுத எந்தச் சட்டம் அதிகாரம் தந்தது என்று காட்டச் சொன்னார் நீதிபதி காம்டன் பிரபு. காட்ட முடியவில்லை. 1765இல் தீர்ப்பு என்ரிக்குக்குச் சார்பாக வந்தது. துண்டு இருக்கிறதா என்று கேட்டால் மட்டும் போதாது, எழுதியவருக்கு எழுத உரிமை இருந்ததா என்றும் கேட்க வேண்டும் என்ற இரண்டாவது பாடம் அங்கிருந்து வருகிறது. பெரியம்மாவுக்கும் அது தெரியும். பொருளாளரின் மருமகன் எழுதிய துண்டை ஒருமுறை அவர் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்ததை நானே கண்டிருக்கிறேன்.

ஆணை என்ற சொல்லுக்கு எங்கள் வாயில் இன்னொரு பொருளும் இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் "அம்மாவாணை நான் எடுக்கேல்லை" என்பார்கள். கட்டளைக்கும் சத்தியத்துக்கும் ஒரே சொல். கட்டளை இடுகிறவரும் ஒரு சத்தியத்துக்குக் கட்டுப்பட்டவர் என்று இந்தச் சொல்லே நினைவூட்டுவதாக எனக்குத் தோன்றும்.

அடுப்படி உவமை பொருந்தாத ஓரிடத்தையும் சொல்ல வேண்டும். கோயில் துண்டு அன்று பின்னேரத்தோடு செத்துவிடும். பிடியாணை சாகாது. நிறைவேற்றப்படும் வரைக்கும், அல்லது நீதிமன்றம் தானே நீக்கும் வரைக்கும் உயிரோடு இருக்கும். நாச்சிக்குடாப் பக்கத்துக் கடற்றொழிலாளி ஒருவர், ஒரு சின்ன வழக்கின் தவணைக்குப் போகவில்லை. அன்று கடல் நல்லாக இருந்தது, தொழிலுக்குப் போய்விட்டார். இரண்டு வருசம் கழித்து வேறு அலுவலாகப் பொலிசுக்குப் போனபோது அங்கேயே மறித்துவிட்டார்கள். "அது பழசுதானே, காலாவதியாகியிருக்கும் எண்டு நினைச்சன்" என்றார். பால் மா பெட்டி மாதிரித் திகதி முடிந்துவிடும் என்ற நம்பிக்கை. தவணை தவறினால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: வீட்டுக்குத் தேடி வரும்வரை இருக்காமல், சட்டத்தரணி ஒருவர் மூலம் நகர்த்தல் பத்திரம் போட்டு, தானாகக் கிளிநொச்சி நீதிமன்றத்தில் முன்னிலையாவது. வருத்தமோ, பஸ் தவறியதோ, நியாயமான காரணம் இருந்தால் பெரும்பாலும் கேட்பார்கள். நீக்கிய பிறகு அந்தக் கட்டளையின் பிரதி ஒன்றை எடுத்துப் பத்திரமாக வைத்திருங்கள். நீக்கிய செய்தி பொலிஸ் நிலையத்துக்குப் போய்ச் சேராமல் திரும்பவும் பிடிபட்ட ஆட்கள் உண்டு.

சரி, எப்போதும் துண்டு வேண்டுமா? பொங்கல் பானையில் பால் பொங்கி அடுப்பு அணையப் போகிறது, அல்லது கிடுகுக் கூரையில் தீப்பொறி பறக்கிறது. அப்போது துண்டு எழுதிக்கொண்டிருக்க முடியாது. கையில் கிடைத்த வாளியைத் தூக்க வேண்டியதுதான். சட்டமும் இதற்கு இடம் வைத்திருக்கிறது. கொலை, களவு போன்ற குற்றங்களில், நியாயமான முறைப்பாடோ நம்பத்தக்க தகவலோ நியாயமான சந்தேகமோ இருந்தால் பொலிஸ் அலுவலர் பிடியாணை இல்லாமலும் கைது செய்யலாம். ஆனால் எதற்காகக் கைது என்று அந்த ஆளுக்குச் சொல்ல வேண்டும். இது அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரையிலேயே இருக்கிறது. நியாயமான என்ற சொல் அங்கே அலங்காரத்துக்கு நிற்கவில்லை. புகை தெரிந்தால் வாளி தூக்கலாம், அயல் வீட்டாரைப் பிடிக்காது என்பதற்காக அவர்கள் அடுப்பில் தண்ணீர் ஊற்ற முடியாது.

அவசரத்தில் எடுத்ததற்குக் கணக்கும் சொல்ல வேண்டும். அன்றைக்கு எடுத்ததை அன்றைக்கே பெரியம்மாவிடம் போய்ச் சொன்னால் அவர் கொப்பியில் எழுதிக்கொள்வார். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டால் அதற்குப் பெயர் வேறு. சோற்றை நினைத்துப் பாருங்கள். மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி ஒரு இரவு வைக்கலாம், காலையில் பழஞ்சோறு. அதற்கு மேல் வைத்தால் பானையே நாறும். பிடியாணை இல்லாமல் பிடித்தவரைப் பொலிஸ் வைத்திருக்கக்கூடிய நேரமும் சாதாரண சட்டத்தில் ஏறக்குறைய அந்த அளவுதான்: பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலம். அதற்குள் நீதவான் முன்னால். விளக்கமறியலா, பிணையா என்று அதற்குப் பிறகு அவர்தான் சொல்வார். 24 என்பது பொலிசுக்குக் கிடைத்த சலுகை நாளும் இல்லை. தேவையில்லாத தாமதம் கூடாது என்பதே விதி, 24 அதன் கடைசி எல்லை.

இங்கே ஒரு தந்திரம் நடக்கும். "கைது எண்டில்லை, சும்மா ஒரு வாக்குமூலம், வாங்கோ." கைது என்ற சொல்லைச் சொல்லாவிட்டால் மணிக்கூடு ஓடத் தொடங்காது என்று ஒரு நினைப்பு. படையலுக்கு வைத்த வடையை எடுத்துவிட்டு ருசிதான் பார்த்தேன் என்று சொல்கிற பிள்ளையைப் பெரியம்மா எப்படிப் பார்ப்பாரோ, உயர் நீதிமன்றமும் அப்படித்தான் பார்த்தது. நமசிவாயம் எதிர் குணவர்தன என்ற வழக்கு 1989ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கையில் இருக்கிறது. பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த ஒருவரைப் பொலிஸ் நிலையத்துக்குக் கூட்டிப் போனார்கள். நாங்கள் கைது செய்யவில்லை, விசாரணைக்குத்தான் வரச் சொன்னோம் என்றது பொலிஸ் தரப்பு. பிரதம நீதியரசர் சர்வானந்தா அதை ஏற்கவில்லை. தன் விருப்பப்படி போகும் சுதந்திரம் எந்த இடத்தில் மறிக்கப்பட்டதோ அந்த இடத்திலேயே சட்டத்தின் கண்ணில் கைது நடந்துவிட்டது. ஆகவே "வாங்கோ" என்று யாரும் கூப்பிட்டால் நான் சொல்லித் தரும் கேள்வி இது: "நான் வரமாட்டன் எண்டு சொன்னால் என்னை விடுவியளோ?" விடமாட்டோம் என்றால், காரணத்தைக் கேளுங்கள், பெயரையும் பதவியையும் கேளுங்கள், நேரத்தைக் குறித்து வையுங்கள்.

தேடுதல் ஆணை பிடியாணையின் தங்கச்சி. அரிசிப் பீப்பாவைத் திறக்க வந்த துண்டைக் காட்டி, பெரியம்மாவின் றங்குப்பெட்டியைத் திறக்க முடியாது. இன்ன இடத்தில் மட்டும் தேடு என்று நீதிமன்றம் ஆணையிலேயே எல்லை போடலாம். பெண் ஒருவரைச் சோதிக்க வேண்டி வந்தால் பெண்தான் சோதிக்க வேண்டும், அதுவும் கண்ணியமாக. எங்கள் வீதிகளில் எத்தனையோ வருசம் சோதனைச் சாவடிகளில் நின்ற பெண்களுக்கு அந்த வரி எவ்வளவு பெரியது என்று நான் சொல்லத் தேவையில்லை.

மொழியையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வட மாகாணத்தில் நிருவாகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் உரிய மொழி தமிழ் என்று அரசியலமைப்பு சொல்கிறது. ஆனாலும் சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தின் கீழே கையெழுத்து வைத்துவிட்டு வந்து, அதில் என்ன இருக்குது என்று என்னிடம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். 20 கொத்தா 200 கொத்தா என்று தெரியாத துண்டில் பெரியம்மா கைநாட்டு வைப்பாரா? வாசித்துக் காட்டுங்கோ, தமிழில் எழுதுங்கோ, விளங்காததில் கையெழுத்து வைக்க மாட்டன் என்று சொல்லுங்கள். பயமாக இருக்கும். என்றாலும் சொல்லுங்கள்.

இனி, சொல்வதற்குக் கடினமான இடம். பயங்கரவாதத் தடைச்சட்டம், 1979இன் 48ஆம் இலக்கம். மூன்று வருசத்துக்கென்று தற்காலிக ஏற்பாடாக வந்தது, 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது, தற்காலிகம் என்ற சொல் இன்னும் அதன் பெயரில் இருக்கிறது. அதன் கீழ் பிடியாணை இல்லாமல் வீட்டுக்குள் வரலாம், தேடலாம், பிடிக்கலாம். 24 மணித்தியாலம் 72 ஆகிறது. அமைச்சர் தடுப்புக் கட்டளை எழுதினால் மூன்று மூன்று மாதமாக நீளும். முன்பு 18 மாதம் வரை, 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு 12 மாதம் வரை. இதைக் களஞ்சிய அறையில் வைத்துப் பாருங்கள். சமையல்காரரும் பொருளாளரும் ஒரே பக்கத்து ஆட்களாகிவிடுகிறார்கள். அரிசி கேட்பதும் அவர்கள், துண்டு எழுதுவதும் அவர்கள். துண்டு இருக்கிறதுதான், கையெழுத்தும் இருக்கிறது. அந்த இரண்டு கேள்வியை மட்டும் கேட்க அங்கே வேறொருவர் இல்லை. இந்தச் சட்டம் போக வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவே முதற் காரணம். அப்படிப் பிடித்தாலும் 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும் என்று 1996ஆம் ஆண்டின் சட்டம் சொல்வதை வீட்டுக்காரர் மறக்கக் கூடாது. பொலிஸ் அறிவிக்கும் என்று பார்த்துக்கொண்டிராமல் நீங்களும் அறிவியுங்கள். அடிப்படை உரிமை மீறலென்று உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதம்தான் தவணை.

எங்கள் ஊரில் நீண்ட காலம் இரண்டு அடுப்பு எரிந்தது. ஒரு பக்கம் கச்சேரியும் விதானையாரும். கிராம சேவகர் என்று பெயர் மாறி அறுபது வருசம் கடந்தும் எங்களுக்கு அவர் விதானையார்தான். மறுபக்கம் புலிகளின் காவல்துறையும் நீதிமன்றங்களும். 1991இல் காவல்துறை, 1993இல் நீதித்துறை. காணிச் சண்டையும் கடன் வழக்கும் அங்கே போயின. அழைப்பு வந்தால் சனம் போனது. 2008 நவம்பர் 15இல் இராணுவம் பூநகரியைப் பிடித்த பிறகு, அந்தத் தீர்ப்புகளோடு நின்றவர்களுக்கு அவை வெறும் கடதாசி. இலங்கைச் சட்டம் அவற்றை ஏற்கவில்லை. ஒரு முத்திரை எப்போது முத்திரை, எப்போது மை என்பதை நாங்கள் வாழ்ந்து பார்த்தவர்கள். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கடைசி வருசங்களில் வீட்டுப் படலைக்கு வந்து பிள்ளைகளைப் போருக்குக் கொண்டுபோனவர்களும் துண்டு கொண்டு வரவில்லை. ஆட்களைக் கடத்திப் போன வெள்ளை வானும் கொண்டு வரவில்லை. எந்தப் பக்கத்துக் கை என்றாலும், துண்டில்லாமல் நீண்ட கை தாய்க்கு ஒரே கைதான்.

அதிகாரம் என்பது ஆளைப் பிடிப்பதோடு முடியாது. மணல் ஏற்றினால் வழி அனுமதிப்பத்திரம், வதிவிடச் சான்றிதழுக்கு விதானையாரின் கையெழுத்துக்கு மேல் பிரதேச செயலாளரின் ஒப்பம். ஒருவர் உப்புப் பார்த்த கறியை இன்னொருவர் திரும்பப் பார்ப்பது போல. 2021இல் கௌதாரிமுனைக் கடலில் சீன நிறுவனம் ஒன்றின் கடலட்டைப் பண்ணை தெரிந்தபோது, அங்கத்தைய தொழிலாளர்கள் கேட்டதும் பெரியம்மாவின் கேள்வியைத்தான்: யார் அனுமதி தந்தது? எழுதிக் கேட்க இப்போது வழியும் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்டால் 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும்.

கடைசியாக ஆட்கொணர்வு மனு. இதற்குப் பெரியம்மாவின் கொப்பி வேண்டும்.

களஞ்சிய அறையில் அரிசி மட்டுமில்லை, ஊருக்கே பொதுவான பாத்திரங்களும் இருந்தன. கலியாணம், அந்தியேட்டி என்று யார் வீட்டிலும் பெருஞ்சமையல் என்றால் கிடாரமும் அண்டாவும் அங்கிருந்துதான் போகும். ஒவ்வொன்றின் விளிம்பிலும் 'பி.கோ.' என்று வெட்டியிருக்கும். கொப்பியில் நாலு கோடு கிழித்திருப்பார்: சாமான், கொண்டு போனவர், கொண்டு போன திகதி, திருப்பித் தந்த திகதி. நாலாவது பெட்டி வெறுமையாக இருந்தால் பெரியம்மா அந்த வீட்டுக்குப் போவார். சண்டைக்குப் போவதில்லை. முற்றத்தில் நின்று, "கொண்டு போனதைக் கொண்டு வந்து காட்டுங்கோ" என்பார். உடைந்ததோ நெளிந்ததோ, அதைப் பிறகு கதைக்கலாம். முதலில் கொண்டு வந்து காட்டு. ஆட்கொணர்வு மனுவின் உயிர் இவ்வளவுதான். உன் கையில் இருந்த ஆளை நீதிமன்றத்துக்குக் கொண்டு வா, எந்தச் சட்டத்தின்படி வைத்திருக்கிறாய் என்று சொல். 13ஆம் திருத்தத்துக்குப் பிறகு மாகாண மேல் நீதிமன்றத்திலும் இதைக் கேட்கலாம்.

வன்னியில் கேட்டார்கள். 2009 மே மாதம் முல்லைத்தீவில், போர் முடிந்த நாட்களில், தங்கள் கண் முன்னால் இராணுவத்திடம் சரணடைந்தவர்களைக் கொண்டு வந்து காட்டும்படி 2013இல் குடும்பங்கள் வவுனியா மேல் நீதிமன்றத்துக்குப் போயின. கணவனைக் கேட்டுப் போனவர்களில் அனந்தி சசிதரனும் ஒருவர். கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20இல் தொடங்கிய தாய்மாரின் போராட்டமும் அதே கேள்வியோடுதான் இருந்தது. மனுசரைப் பாத்திரத்தோடு ஒப்பிட எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ஒரு அண்டாவுக்கே கொப்பி வைத்திருந்த ஊர் இது. கையால் பிடித்து ஒப்படைத்த பிள்ளைக்கு ஒரு வரி, ஒரு கையெழுத்து இல்லை என்று சொன்னால் இந்தத் தாய்மாரால் எப்படி ஏற்க முடியும்?

2008இல் ஊர் கிளம்பியபோது பெரியம்மா அரிசியை விட்டார், பாத்திரங்களை விட்டார். கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றி உடுப்புப் பைக்குள் வைத்துக்கொண்டார். அது அவரோடு எல்லா இடமும் போய், முகாமும் கண்டு, 2010இல் திரும்ப வந்தது. மடத்துக்குக் கூரை இல்லை, களஞ்சிய அறைக்குக் கதவு இல்லை. ஒரு பின்னேரம் இருவரும் திண்ணையில் இருந்து கொப்பியை விரித்தோம். நாலாவது பெட்டி வெறுமையாக ஏழு வரி. அதில் ஒன்று: அண்டா 1, கொண்டு போனது எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டுப் பொடியன். துண்டோடு அரிசி எடுக்க ஓடி ஓடி வந்த அதே பொடியன். அண்டாவும் வரவில்லை, அவனும் வரவில்லை.

"இனி இதுகள் வராது பெரியம்மா, வெட்டிவிடுவமே" என்றேன்.

அவர் பேனையை வாங்கினார். வெட்டவில்லை. புது ஒற்றையைத் திருப்பி, மேலே அன்றைய திகதியைப் போட்டு, நாலு கோடு கிழித்து, ஏழு வரியையும் ஒவ்வொன்றாகத் திரும்ப எழுதினார். அந்தப் பொடியனின் வரிக்கு வந்ததும் முழுப் பெயரையும் தகப்பன் பெயரோடு எழுதினார். நாலாவது பெட்டியை வெறுமையாக விட்டார்.